இருக்கட்டும், பாக்கலாம்

கார் மெக்கானிக் சிமுலேட்டர் என்றொரு கேம் இருக்கிறது. போலந்துக்காரர்கள் செய்தது. அதன் 2021 பதிப்பை நான் 310 மணி நேரம் ஆடியிருப்பதாக ஸ்டீம் கணக்குச் சொல்கிறது. ஒரு நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்று வைத்தால் கிட்டத்தட்ட இரண்டு மாதச் சம்பளத்துக்கான உழைப்பு. அத்தனை நேரமும் நான் செய்தது ஒன்றுதான். தேய்ந்த பாகத்தைக் கழற்றினேன், புதுப் பாகத்தை மாட்டினேன்.

ஆடாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு ஒரு பட்டறை. ஃபோனில் வேலை வரும். ஏற்றுக்கொண்டால் கார் உள்ளே வந்து நிற்கும். பிரேக் சரியில்லை, முன்னால் ஏதோ சத்தம் என்பது மாதிரி ஒரு குறிப்பு இருக்கும். லிஃப்டில் ஏற்றி ஒவ்வொரு பாகமாகச் சோதிக்க வேண்டும். சோதித்ததும் அந்தப் பாகத்தின் நிலை சதவீதத்தில் தெரியும். நன்றாக இருந்தால் பச்சை, போய்விட்டிருந்தால் சிவப்பு. கழற்ற வேண்டுமென்றால் போல்ட் மேல் மவுஸை அழுத்திப் பிடித்தால் போதும். சில பாகங்களைப் பட்டறை மேசையில் வைத்துத் தேற்றலாம். பச்சையும் சிவப்புமாகப் பிரித்த ஒரு பட்டை மேல் ஒரு கோடு ஓடும், பச்சையில் வரும்போது நிறுத்த வேண்டும். ஃபில்டர், பிரேக் பேட், ரப்பர் புஷ் மாதிரியானவை தேறாது, புதிதுதான் வாங்க வேண்டும். அடிப்படை கேமில் உள்ள கார்க் கம்பெனிகளெல்லாம் கற்பனை. அதில் ஒன்றின் பெயர் சேலம். முதல்முறை பார்த்தபோது இரும்பாலைக்குப் பக்கத்தில் செய்திருப்பார்களோ என்று சிரித்துக்கொண்டேன்.

ஆடுகிறவர்களுக்கெல்லாம் ரப்பர் புஷ் ஒரு தனிக்கதை. சஸ்பென்ஷன் ஆர்முக்குள் ஒளிந்திருக்கும் சின்ன ரப்பர் உருளை அது. விலை சல்லிக்காசு. ஆனால் அதை எடுக்கச் சக்கரம், பிரேக், ஆர்ம் என்று எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். எல்லாம் மாட்டி முடித்து, காரை இறக்கிவிட்டுப் பட்டியலைப் பார்த்தால் ஒரு ரப்பர் புஷ் விட்டுப்போயிருக்கும். மறுபடி ஏற்ற வேண்டும். எனக்கு அதில் எரிச்சலே வந்ததில்லை. இரவு ஒரு மணிக்கு வெளிநாட்டுக் கிளையண்டின் ரிலீஸ் முடியக் காத்திருக்கும்போது, மறந்த ஒரு ரப்பர் புஷ்ஷைத் திரும்பப் போய் மாட்டுவதைப் போல நிம்மதி வேறில்லை.

காரணம் எளிது. என் வேலையில் எதுவும் தேய்வதில்லை. பத்து வருடத்துக்கு முன்னால் யாரோ எழுதிய கோடு, எழுதிய அன்று இருந்த மாதிரியேதான் இன்றும் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ளவை மாறியிருக்கும், அதனால் அது உடையும். எங்கே தேய்ந்தது என்று விரலால் தொட்டுப் பார்க்க முடியாது. கேமில் ஒரு பாகம் கெட்டால் அது கெட்டது மட்டும்தான். 12 சதவீதம், சிவப்பு. மாற்றினால் 100, பச்சை. பெற்றவர் பணம் கட்டி நான்கு வருடம் மெக்கானிக்கல் படிக்கவைத்த ஒருவன், ஐ.டி.க்குப் போய்விட்டு, கடைசியில் முதல்முறையாக ஒரு இன்ஜினை முழுசாகப் பிரித்தது லேப்டாப்பில்.

*

முழுசாக என்ற சொல்லைக் கவனமாகத்தான் போட்டேன். பாதி பிரித்திருக்கிறேன், பிரிக்க உதவியிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவுகளில் வண்ணார்பேட்டையில் ஒரு அண்ணாச்சியின் பட்டறையில் கைப்பையனாக இருந்தேன். அப்பாவுக்குத் தெரிந்தவர். வீட்டில் கிடந்தால் கிரிக்கெட் ஆடி ஆற்றுக்குள் விழுவான் என்று அப்பா கொண்டுபோய் விட்டார். கழற்றிய பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவி வைப்பது என் வேலை.

அண்ணாச்சி ஒரு வண்டியைப் பிரித்தால் தரையில் மூன்று சாக்கு விரிப்பார். கழுவிய பாகத்தை நான் அவர் கையில் கொடுக்க வேண்டும். திருப்பிப் பார்ப்பார், நகத்தால் சுரண்டுவார், ஆட்டிப் பார்ப்பார். பிறகு ஏதாவது ஒரு சாக்கைக் காட்டுவார். ஒன்று "மாத்தணும்". இன்னொன்று "இருக்கட்டும்". நடுவில் இருப்பது "பாக்கலாம்".

மாத்தணும் சாக்கும் இருக்கட்டும் சாக்கும் எனக்கே இரண்டு வாரத்தில் பிடிபட்டுவிட்டது. பல்லு போன கியரையும் புது மாதிரி இருக்கிற பேரிங்கையும் யாரும் சொல்லிவிடுவார்கள். பாக்கலாம் சாக்கில்தான் அவருக்கு நேரம் போகும். வண்டிக்காரரைக் கூப்பிட்டு வைத்துப் பேசுவார். கேட்பதெல்லாம் வண்டியைப் பற்றியே இருக்காது.

"வண்டி எங்க ஓடும்? டவுனுக்குள்ளயா, இல்ல பாவநாசம் மேல ஏறுவியளா?"

"வீட்ல எத்தன பேரு ஏறுவிய?"

"மகளுக்கு எப்பம் கல்யாணம்?"

கடைசிக் கேள்வி சம்பந்தமில்லாதது என்று அப்போது நினைத்தேன். சம்பந்தம் உண்டு. ஆறு மாதத்தில் கல்யாணம் என்றால் இப்போது கையில் காசு இருக்காது, ஆனால் வண்டி ஓயாமல் ஓடும். கொஞ்சம் ஆட்டம் கண்ட பால் ஜாயிண்டை டவுனுக்குள் பள்ளிக்கூடம், மார்க்கெட் என்று போய்வரும் வண்டியில் இன்னும் கொஞ்ச நாள் விட்டுவைத்துப் பார்ப்பார். அதே ஆட்டம் மலையேறும் வண்டியில் இருந்தால் அன்றைக்கே கழற்றிப் போட்டுவிடுவார். ஒரே பாகம், ஒரே தேய்மானம், இரண்டு சாக்கு. பிரேக்கில் மட்டும் பேச்சே கிடையாது. "பிரேக்குல பாக்கலாம்னு ஒண்ணு இல்ல தம்பி."

கேம் ஆடும்போது எனக்கு இந்த மூன்று சாக்கு அடிக்கடி ஞாபகம் வரும். அங்கே இருப்பது ஒரு எண். அந்த எண் எங்கிருந்து வந்தது, அந்தக் கார் இனி எந்த ரோட்டில் ஓடப்போகிறது, ஓட்டுகிறவர் பள்ளத்தைப் பார்த்ததும் பிரேக் அடிப்பவரா, அப்படியே இறக்குபவரா என்றெல்லாம் கேட்க இடமில்லை. வேலையை முடித்ததும் காரும் காணாமல் போய்விடும். மூன்று மாதம் கழித்து அதே கார் அதே சத்தத்தோடு திரும்பி வந்து உங்கள் முகத்தைப் பார்க்காது. அண்ணாச்சியின் பாக்கலாம் சாக்கில் கிடந்த ஒவ்வொரு பாகத்துக்கும் பின்னால், திரும்பி வரப்போகிற ஒரு முகம் இருந்தது.

போல்ட்டும் அப்படித்தான். கேமில் துருப்பிடித்து இறுகிய போல்ட் கிடையாது. முப்பது வருடம் கொட்டகையில் கிடந்த காரிலும் மவுஸை அழுத்தினால் சுற்றிக்கொண்டு வந்துவிடும். பட்டறையில் ஒரு சைலன்சர் போல்ட்டுக்கு அண்ணாச்சி அரை நாள் செலவழித்ததைப் பார்த்திருக்கிறேன். எண்ணெய் ஊற்றி, காத்திருந்து, சூடு காட்டி, ஒரு நூல் இறுக்கி, பிறகு ஒரு நூல் தளர்த்தி. "அவசரப்பட்டா தலை முறிஞ்சிரும். முறிஞ்சா அப்புறம் டிரில்லுதான். டிரில்லு போட்டா அது போல்ட்டு வேல இல்ல, பல் டாக்டர் வேல."

*

தேய்மானம் என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வேறு வழியாகத்தான் வந்தது. அப்பாவுக்கு இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் மாற்றிவிடலாம் என்றார். அப்பா, "இருக்கட்டும் சார், இன்னும் கொஞ்ச நாள் ஓட்டிப் பாக்கேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். நடுச்சாக்கு. சம தரையில் நடப்பார். படி ஏறுவதென்றால் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியிலும் நின்று நின்றுதான். கார் ஓட்டுவதில் மட்டும் சிரமம் இல்லை என்பார். குள்ளமான ஆள், சீட்டை நன்றாக முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடிப்பதுபோல் உட்கார்ந்து ஓட்டுவார்.

கார் 2006இல் வாங்கிய மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சிசி. இந்தியாவில் லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு அதுதான் முதல் கார். எங்களுக்கும். கம்பெனி 2014 ஜனவரியில் அதைச் செய்வதை நிறுத்தியது. அப்பா நிறுத்தவில்லை. கொரோனாவில் வீட்டிலிருந்து வேலை என்று நான் பெங்களூரிலிருந்து சிந்துபூந்துறைக்குத் திரும்பிய பிறகு, நானும் அவரும் மாறி மாறி ஓட்டினோம்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்றைய மழையைப் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ஒரு எண்: காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு சிக்கி நின்றது அந்த மழையில்தான். அணைகளிலிருந்து திறந்த தண்ணீரும் வழியில் சேர்ந்த காட்டாற்றுத் தண்ணீரும் ஒன்றாக வந்தன. அம்மா மதுரையில் அக்கா வீட்டில் இருந்தாள். வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். ராத்திரி தெருமுனையில் தண்ணீர் தெரிந்ததும் அண்ணாச்சிக்கு ஃபோன் போட்டேன்.

"அண்ணாச்சி, தெருமுனைக்குத் தண்ணி வந்துட்டு. வண்டிய எடுத்து ஈரடுக்குப் பாலத்து மேல விட்டுரட்டுமா?"

"எடுக்காத தம்பி. பேட்டரி வயர மட்டும் கழத்தி வுட்டுட்டு அப்பாவ மாடிக்கு ஏத்து. குறுக்குத்துறை முருகனே இன்னைக்குத் தண்ணிக்குள்ளதான் இருப்பாரு. ஒன் வண்டிக்கு என்ன?"

குறுக்குத்துறைக் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. பெருவெள்ளம் வந்தால் முழுகும். வெள்ளம் வருகிறது என்றால் உற்சவரையும் தூக்கக்கூடிய சாமான்களையும் எடுத்துக்கொண்டு மேலக்கோயிலுக்குப் போய்விடுவார்கள். பாறையில் இருக்கும் மூலவர் அங்கேயே இருப்பார். வடிந்த பிறகு சேற்றைக் கழுவிவிட்டு, திரும்பவும் பூஜை. எது தூக்கக்கூடியது, எது முழுகினாலும் கழுவிக்கொள்ளலாம் என்று தெரிந்தவர்கள் வைத்திருக்கும் வழக்கம். அண்ணாச்சி சொன்னதும் அதுதான். நின்றுகொண்டிருக்கும் வண்டி முழுகினால் கழுவலாம்.

எனக்கு அப்போது அது கேட்கவில்லை. என் தலைக்குள் பாகங்களின் பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், ஈசியு, வீல் பேரிங். எல்லாம் பச்சையிலிருந்து சிவப்புக்குப் போவது கண்ணில் தெரிந்தது. அப்பா மாடி ஏறச் சிரமப்படுவார், காரில் உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் மேட்டுக்குப் போய்விடலாம் என்று எனக்கு நானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன். அப்பாவை இடது சீட்டில் உட்காரவைத்து வண்டியை எடுத்தேன்.

முதல் திருப்பத்தில் சக்கரத்தின் பாதி. இரண்டாவது திருப்பத்தில் பானெட்டுக்கு முன்னால் தண்ணீர் ஒரு மடிப்பாக எழுந்தது. ஹெட்லைட் வெளிச்சம் தண்ணீருக்குள்ளிருந்து மஞ்சளாக வந்தது. இன்ஜின் இருமி நின்றது.

"ஏல, சாவில கை வைக்காத" என்றார் அப்பா.

"ஒரு தடவ பாக்கேம்ப்பா. எனக்குத் தெரியும்."

எனக்கு என்ன தெரியும் என்று இப்போது யோசித்தால், என் கைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். பன்னிரண்டு வருட வேலையில் எது நின்றாலும் முதலில் செய்வது அதுதான். சர்வர் நின்றால் ரீஸ்டார்ட். லேப்டாப் நின்றால் ரீஸ்டார்ட். சரியாக வராவிட்டால் பழைய நிலைக்குத் திருப்பிவிடலாம். அதனால் முயன்று பார்ப்பதில் நஷ்டமே இல்லை. சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் முனகியது. மறுபடி திருப்பினேன். ஒரு நொடி பிடித்தது. பிடித்து, "டங்" என்று இரும்பில் இரும்பு மோதியதுபோல் நின்றது. அதன் பிறகு சாவிக்கு எந்தப் பதிலும் இல்லை.

கதவைத் திறந்ததும் தண்ணீர் உள்ளே வந்தது. பக்கத்துத் தெருப் பையன்கள் இரண்டு பேர் வந்தார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் அப்பாவை ஆளுக்கொரு தோளில் தாங்கி, ஒரு வீட்டு மாடிப்படி வரைக்கும் நடத்திக்கொண்டு போனோம். தண்ணீருக்கு அடியில் தரை தெரியாமல் அவர் ஒவ்வொரு அடியும் வைக்கும்போது முகம் சுருங்கியதைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் வீட்டிலேயே பதினெட்டுப் படிதான் இருந்தது.

*

தண்ணீர் வடிந்து நான்கைந்து நாள் கழித்து வண்ணார்பேட்டைக்கு நடந்து போனேன். வழியில் சுலோச்சன முதலியார் பாலம். கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்தவர் தன் கைக்காசைப் போட்டுக் கட்டியது, 1843இல். 1869 வெள்ளத்தில் அதில் ஒரு பகுதி போனது. திரும்பக் கட்டினார்கள். பிறகு அகலப்படுத்தினார்கள். கைப்பிடிச் சுவரில் வைக்கோலும் துணியும் சிக்கிக் கிடந்தன. அண்ணாச்சியின் பட்டறைக்குள்ளும் தண்ணீர் வந்திருந்தது. சுவரில் நெஞ்சு உயரத்துக்குச் சேற்றுக் கோடு. அவர் வாசலில் உட்கார்ந்து தன் ஸ்பானர்களை ஒவ்வொன்றாக மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார். இருபது வருடத்துக்கு முன்னால் நான் செய்த வேலை. எதிரே ரோடு ஓரமாக வண்டிகள் வரிசை கட்டி நின்றன.

"எத்தன மணிக்கு நின்னுச்சு?" என்று மட்டும் கேட்டார்.

"பத்து பத்தரை இருக்கும். நின்னதும் எறங்கிட்டோம்."

அந்த "இறங்கிட்டோம்" தன்னால் வந்து விழுந்தது. பொய் சொல்ல வேண்டும் என்று யோசித்துச் சொன்னதில்லை. அவர் தலையாட்டிவிட்டுக் கயிறு எடுத்துக்கொண்டு ஆள் அனுப்பினார்.

எங்கள் வண்டியின் முறை வர மூன்று வாரம் ஆனது. சீட்டுகளைக் கழற்றி வெயிலில் போட்டார்கள். டிரெயின் போல்ட்டைத் திறந்ததும் பால் ஊற்றிய காப்பி மாதிரி ஆயில் இறங்கியது. பிளக்குகளைக் கழற்றிவிட்டு இன்ஜினைக் கையால் சுற்றப் பார்த்தார்கள். ஒரு இடத்துக்கு மேல் சுற்றவில்லை. "எறக்கிப் பாத்துருவோம்" என்றார் அண்ணாச்சி. நான் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு உதவிக்குப் போனேன். அப்பாவும் வந்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

இங்கே கேமுக்கு நான் ஒரு நன்றி சொல்ல வேண்டும். அடுத்து எது கழற்ற வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஹெட்டை எடுக்க வேண்டுமென்றால் அதற்கு முன் மேனிஃபோல்ட், அதற்கு முன் டைமிங் பெல்ட், அதற்கு முன் அதன் கவர். அண்ணாச்சி கை நீட்டும்போது நான் பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானரை எடுத்து வைத்திருந்தேன். "பரவால்லயே, காலேஜ்ல சொல்லிக் குடுத்துருக்கானுவ" என்றார். நான் மறுக்கவில்லை. ஆனால் பெல்ட்டைக் கழற்றும் முன் அவர் புல்லியில் இருந்த சின்னக் குறியைக் காட்டினார். இந்தக் குறியும் அந்தக் குறியும் நேராக நிற்க வேண்டும், ஒரு பல் தவறினாலும் வால்வு திறக்கிற நேரம் தவறும். கேமில் பெல்ட்டை எப்படிப் போட்டாலும் உட்காரும். ஹெட் போல்ட்டுகளையும் அங்கே எந்த வரிசையிலும் முறுக்கலாம். இங்கே நடுவில் ஆரம்பித்து வெளியே போக வேண்டும், அதுவும் ஒரேயடியாக முறுக்கக் கூடாது, மூன்று சுற்றாக. இல்லாவிட்டால் ஹெட் சமமாக உட்காராது.

ஹெட்டைத் தூக்கியதும் மூன்று பிஸ்டன்களும் தெரிந்தன. அண்ணாச்சி கிராங்க்கைச் சுற்றும் மட்டுக்குச் சுற்றி, சேற்றைத் துடைத்து, ஒவ்வொரு பிஸ்டனாக மேலே கொண்டுவரப் பார்த்தார். ஒரு ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வைத்துக் காட்டினார்.

"இந்த ரெண்டும் மேல வருது பாத்தியா. நடுவுல உள்ளது ரெண்டு மில்லி கீழ நிக்கி."

பிஸ்டனை வெளியே எடுத்தபோது கனெக்டிங் ராடு தெரிந்தது. வளைந்திருந்தது. லேசாகத்தான், கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்ட மாதிரி.

இதன் கணக்கை நான் கல்லூரியில் படித்திருக்கிறேன். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 265 மில்லி. பிஸ்டன் மேலே வரும்போது அந்தக் காற்றை ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்காக நெருக்கும். காற்று நெருங்கிக் கொடுக்கும். தண்ணீர் நெருங்காது. ஆக, உள்ளே சுமார் இரண்டு மூன்று மேசைக்கரண்டித் தண்ணீர் இருந்தாலே போதும், பிஸ்டன் மேலே வர இடமில்லை. ஃபிளைவீல் மேலே தள்ளுகிறது, தண்ணீர் விடமாட்டேன் என்கிறது. நடுவில் இருக்கும் ராடு வளைகிறது. பரீட்சையில் இதை எழுதினால் மார்க் கிடைக்கும்.

அண்ணாச்சி ராடை ஒரு துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"நின்ன வண்டில இது வளையாது. நின்னதுக்கு அப்புறமும் சாவி போட்டியளா?"

நான் வாயைத் திறக்கும் முன் ஸ்டூலிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"நாந்தான் அண்ணாச்சி. வண்டிய ஓட்டிட்டு வந்ததும் நாந்தான். பயத்துல கை தன்னால போயிட்டு. இவன் வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னான்."

அண்ணாச்சி ராடைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். "சரி வுடுங்க சார். யாருக்கும் அந்த நேரம் கை போவத்தான் செய்யும்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. கையிலிருந்த பன்னிரண்டாம் நம்பரைத் துடைத்தேன். ஏற்கெனவே துடைத்ததுதான்.

பிறகு சாக்கு விரித்தார்கள், மூன்று. ராடு, பேரிங், ரிங் செட், கேஸ்கட், ஏர் ஃபில்டர் மாத்தணும். சிலிண்டரில் நகத்தில் தட்டுப்படும் கீறல் இல்லை. போரிங் வேண்டாம், ஹானிங் போதும் என்றார். கிராங்க்கை லேத் பட்டறைக்கு அனுப்பி அளந்து பார்த்தார்கள். இருக்கட்டும். ஆல்டர்னேட்டரைப் பிரித்துக் காயவைத்து ஓடவிட்டார்கள். பாக்கலாம். முன்பக்க லோயர் ஆர்ம் புஷ் வெடிப்பு விட்டிருந்தது. 310 மணி நேர அனுபவத்தில் நான், "இத மாத்திரலாம்லா அண்ணாச்சி" என்றேன்.

"இது வெள்ளத்துல போனது இல்ல தம்பி, வயசுல போனது. பில்லு ஏற்கெனவே ஏறிட்டு. மழைக்கு முன்னால மாத்திக்கிடலாம். பாக்கலாம்."

அந்த மாதம் அவர் பட்டறையில் நின்ற வண்டிகள் எல்லாவற்றுக்கும் இப்படித்தான் சாக்கு விரித்தார். வெள்ளத்தில் வீட்டுச் சாமான் போனவர்கள், கடை போனவர்கள். யார் வண்டியில் எதை இப்போது விட்டுவைக்கலாம் என்பது அவருக்கு மனப்பாடமாக இருந்தது.

*

வண்டி ஓடத் தொடங்கிய பிறகு ஒரு இரவு கேமைத் திறந்தேன். ஒரு சேலம் காரை எடுத்து இன்ஜினை இறக்கினேன். கனெக்டிங் ராடுகளில் ஒன்று 9 சதவீதம். கழற்றினேன், புதிது வாங்கினேன், மாட்டினேன். 100. அந்த ராடு எவ்வளவு கெட்டிருக்கிறது என்று கேம் துல்லியமாகச் சொன்னது. யார் கெடுத்தார்கள் என்று கேட்கவில்லை. அதைக் கேட்காத இடம் என்பதால்தான் இத்தனை நாள் அங்கே போய் உட்கார்ந்திருந்தேனோ என்று தோன்றியது. மூடிவைத்தேன். இன்னும் ஆடுகிறேன், பழைய அளவுக்கு இல்லை.

ஜூலையில் ஆயில் மாற்ற வண்டியைக் கொண்டுபோனேன். அப்பா வரவில்லை. வெள்ளத்துக்குப் பிறகு அவருடைய இடது முழங்கால் நடுச்சாக்கிலிருந்து முதல் சாக்குக்குப் போய்விட்டது. மே மாதம் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குள் நடந்து பழகிக்கொண்டிருந்தார். தண்ணீரில் நடந்ததால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை. ஏற்கெனவே இருந்ததுதான் என்றார். நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

ஆயில் சொட்டி முடியக் காத்திருக்கும்போது சொல்லிவிட்டேன்.

"அண்ணாச்சி, அன்னைக்கு வண்டிய ஓட்டுனது நாந்தான். சாவி போட்டதும் நாந்தான். ரெண்டு தடவ."

அவர் குனிந்து டிரெயின் போல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"தெரியும் தம்பி."

"அப்பா சொன்னாரா?"

"அவாள் எங்க சொல்லுதாவ. கயிறு கட்ட ஆள் அனுப்புனேம்லா, பின்னாலயே நானும் வந்தேன். டிரைவர் சீட்டு கடைசி வரைக்கும் பின்னால போயிக் கிடந்துச்சு. அப்பா முன்னால இழுத்துப் போட்டுல்லா ஓட்டுவாவ."

துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். "வாசர் எடு" என்றார். எடுத்துக் கொடுத்தேன். போல்ட்டை முறுக்கினார். புஷ்ஷை ஆட்டிப் பார்த்துவிட்டு, இதை இந்தத் தடவை மாற்றிவிடலாம் என்றார்.

வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தினேன். அப்பா வராண்டாவில் வாக்கரைப் பிடித்து நின்று, வண்டியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு மாதம் கழித்து ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இறங்கும் முன் சீட்டுக்கு அடியில் கை விட்டு, லீவரைத் தூக்கி, சீட்டை அவருடைய இடத்துக்கு முன்னால் தள்ளி வைத்தேன்.